காய்ந்த புல்லில் குளிர்காலத்தைக் கடத்துவது: இறைச்சி மாட்டுக்குக் கூடுதல் தீவனம்

குளிர்காலத்தில் மேய்ச்சல் நிலம் பழுத்து நிற்பதைப் பார்த்ததும் தீவனமே இல்லை என்று பதறிவிடாதீர்கள். புல் இருக்கிறது, அதில் புரதம்தான் இல்லை. முற்றிக் காய்ந்த புல்லில் பெரும்பாலும் 3 முதல் 6 சதவீதம்தான் இருக்கும். மாட்டின் பெருவயிற்றில் நாரைச் செரிக்கும் நுண்ணுயிரிகளுக்கு 7 சதவீதமாவது வேண்டும். அது கிடைக்காவிட்டால் தின்ற புல் உள்ளேயே தேங்கி, மாடு மேய்வதையும் குறைத்துக்கொள்ளும். நாம் கொடுக்கும் கைத்தீவனம் முதலில் அந்த நுண்ணுயிரிகளுக்குத்தான்.

படி 1: உடம்பைப் பாருங்கள். குளிர் தொடங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். 1 (எலும்பும் தோலும்) முதல் 9 (மிகக் கொழுத்தது) வரையான உடல்நிலை மதிப்பெண்ணில் ஈனும்போது 5 இருக்கட்டும், முதல் முறை ஈனும் தலையீத்துக் கிடாரிக்கு 6. கடைசி இரண்டு விலா எலும்புகள் கண்ணுக்குத் தெரிந்தால் 4 என்று வையுங்கள்.

படி 2: கணக்குப் போடுங்கள். 500 கிலோ சினைமாடு நாளுக்குச் சுமார் 10 கிலோ உலர் தீவனம் தின்னும். நடுச்சினையில் ஏறக்குறைய 750 கிராம் புரதம் தேவை. புல்லில் 5 சதவீதம் என்றால் 500 கிராம் வந்துவிடும். மீதி 250 கிராமுக்கு, 40 சதவீதப் புரதமுள்ள பிண்ணாக்கு 600 கிராம் சொச்சம் போதும். அவ்வளவுதான்! கடைசி மூன்று மாதத்தில் தேவை கூடும், அப்போது கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

படி 3: எதைக் கொடுப்பது? பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு, சோயா பிண்ணாக்கு, நல்ல குதிரைமசால் உலர்புல். மக்காச்சோளத்தை அள்ளிப் போடாதீர்கள், அதன் மாவுச்சத்து நார் செரிப்பதைக் கெடுக்கும். புரதத்துக்கு மாற்றாகக் கலக்கும் யூரியா அளவு மீறினால் நஞ்சு. தொடக்கத்தில் அதைத் தொடவே வேண்டாம் என்பேன்.

படி 4: வாரம் மூன்று முறை போதும். ஏழு நாள் பிண்ணாக்கை மூன்றாகப் பிரித்துப் போடலாம். புரதத்திலிருந்து மிஞ்சும் நைட்ரஜனை மாடு உமிழ்நீர் வழியாகவும் இரத்தத்தின் வழியாகவும் பெருவயிற்றுக்கே திருப்பி அனுப்பிக்கொள்ளும். எனக்கு இன்னும் வியப்புத் தீராத ஏற்பாடு இது. தானியத்துக்கு இந்த வசதி கிடையாது, அதைத் தினமும் கொடுக்க வேண்டும்.

தீவனத்தைத் தண்ணீர்த் தொட்டியருகே போடாமல், மாடு அதிகம் மேயாத பக்கமாகப் போடுங்கள். மந்தை அங்கே நகரும். கிடாரிகளைப் பிரித்துவிடுங்கள், பெரிய மாடுகள் அவற்றைத் தின்ன விடாது.

அப்புறம் மழையும் ஈரப்பனியும். உலர்ந்த அடர்ந்த ரோமம் சுமார் மைனஸ் 8 டிகிரி வரை தாங்கும். நனைந்துவிட்டால் 15 டிகிரியிலேயே மாட்டுக்குக் குளிரும். அந்த நாட்களில் கூடுதலாக உலர்புல் போடுங்கள், தொட்டியில் பனி உறைந்தால் காலையிலேயே உடைத்துவிடுங்கள்.