திருகோணமலையில் மகளிர் கூடைப்பந்துப் பயிற்றுவிப்பாளராக விரும்புவோருக்கு

திருகோணமலையின் மகளிர் கல்லூரி ஒன்றில் கூடைப்பந்து அணியின் தலைமைப் பயிற்றுவிப்பாளராக வர விரும்புபவர், அதற்குப் பத்திரிகையில் விளம்பரம் வரும் என்று காத்திருக்கத் தேவையில்லை. உடற்கல்வி ஆசிரியைக்குத் துணையாக மாலை வேளைகளில் வந்து நின்ற பழைய மாணவியிடமோ, புள்ளித்தாள் எழுத ஆள் இல்லாத நாளில் முன்வந்தவரிடமோதான் அதிபர் ஒரு நாள் “இனி நீங்களே பொறுப்பெடுங்கோ” என்று சொல்வார். ஆகவே முதலில் ஆடுகளத்தில் இடம்பிடியுங்கள். பதவி பிறகு வரும்.

உள்ளே நுழைய இரண்டு வழிகள் உண்டு. உயர்தரத்துக்குப் பின் தேசிய கல்வியியற் கல்லூரியில் உடற்கல்வியைப் பயின்று ஆசிரிய நியமனம் பெறுவது ஒன்று. சம்பளம் நிலையானது, பிள்ளைகளைப் பாடசாலை நேரத்திலேயே பார்க்கலாம்; ஆனால் இடமாற்றக் கடிதம் வந்துவிட்டால் வளர்த்தெடுத்த அணியை விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். பாடசாலை அபிவிருத்திச் சங்கமோ பழைய மாணவியர் சங்கமோ தரும் கொடுப்பனவுக்கு வெளியிலிருந்து வந்து பயிற்றுவிப்பது மற்றையது. அந்தக் கொடுப்பனவை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது என்பதால், வேறொரு தொழிலைக் கையில் வைத்துக்கொண்டே இதற்குள் இறங்குங்கள். எந்த வழியில் வந்தாலும் இலங்கைக் கூடைப்பந்துச் சம்மேளனத்தின் பயிற்றுவிப்பாளர் பாடநெறிகள் அறிவிக்கப்படும்போது விண்ணப்பியுங்கள். அதற்கு முன்பே நடுவர் விதிகளையும், புள்ளியும் நேரமும் கணக்கிடும் மேசை உத்தியோகத்தர் வேலையையும் கற்றுக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. ஓர் அணி எறிவதற்குள்ள நேரத்தைக் காட்டும் 24 வினாடிக் கடிகாரத்தை எப்போது 14க்குத் திருப்ப வேண்டும் என்று தடுமாறாமல் சொல்லத் தெரிந்தவரை எந்தச் சுற்றுப்போட்டியிலும் தேடி அழைப்பார்கள். அங்கேதான் மற்றப் பாடசாலைகளின் ஆசிரியர்களும் வலயக் கல்வி அலுவலகத்தில் விளையாட்டுக்குப் பொறுப்பானவர்களும் உங்களை அறிந்துகொள்வார்கள்.

துணைப் பயிற்றுவிப்பாளராக இருக்கும் காலத்தில் எந்த வேலையையும் சிறிது என்று ஒதுக்க வேண்டாம். அமெரிக்காவின் பாட் சமிட் 1974இல், தமது 22ஆவது வயதில், டென்னசி பல்கலைக்கழக மகளிர் அணியைப் பொறுப்பேற்றபோது வான் ஓட்டியதும் சீருடைகளைத் துவைத்ததும் அவரேதான். 38 பருவங்கள் அதே அணியுடன் இருந்து 1,098 வெற்றிகளையும் 8 தேசியப் பட்டங்களையும் பெற்ற பின்னரே அவர் 2012இல் விலகினார்.

இனி அணியைச் சேர்ப்பது. நம் பாடசாலைகளில் உயரமான பெண்பிள்ளை ஒருத்தி கண்ணில் பட்டால் அவளை முதலில் வலைப்பந்துக்குத்தான் அழைப்பார்கள். யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் விளையாடிய இலங்கை அணி 2018இல் ஆசியக் கிண்ணத்தை வென்ற பிறகு இதைக் குறைசொல்லவும் இடமில்லை. வலைப்பந்து ஆசிரியையுடன் பிள்ளைகளுக்காக இழுபறிப்படாதீர்கள். அவருடைய போட்டிக்காலம் முடிந்ததும் அதே பிள்ளைகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஏனெனில் உங்களுக்கு வேண்டியதில் பாதி அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

இரண்டு ஆட்டங்களிலும் வளையம் 3.05 மீற்றர் உயரத்திலேயே இருக்கிறது. வலைப்பந்து வளையத்தின் விட்டம் 38 சென்ரிமீற்றர், கூடைப்பந்துக்கு 45. எனவே பலகை இல்லாத கம்பத்தில் பந்தை உயர வளைத்துப் போட்டுப் பழகிய கைக்கு இந்த வளையம் அகலமாகத்தான் தோன்றும். எறியும் கையை மாற்றப் போகாதீர்கள். பக்கவாட்டிலிருந்து 45 பாகைக் கோணத்தில் பலகையில் பட்டு உள்ளே விழும் எறிகையை மட்டும் புதிதாகச் சேர்த்துக் கொடுங்கள். பெண்களுக்குரிய 6ஆம் இலக்கப் பந்து வலைப்பந்தைவிடக் கனமானது என்பதால் முதல் வாரங்களில் வளையத்துக்கு அருகில் நின்றே எறியட்டும், மூன்று புள்ளிக்குரிய 6.75 மீற்றர் கோட்டுக்கு வெளியே இருந்து எறிவதற்கு அவசரமில்லை.

கடினமானது வேறு. பந்தைப் பிடித்தவுடன் நின்று, 3 வினாடிக்குள் யாருக்காவது கொடுத்துவிட வேண்டும் என்பது வலைப்பந்துப் பிள்ளையின் உடம்பிலேயே ஊறியிருக்கும். முன்னால் வெறும் தளம் திறந்து கிடந்தாலும் அவள் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட மாட்டாள், கண்ணால் ஆள் தேடிக்கொண்டு நிற்பாள். தடுப்பவளோ 0.9 மீற்றர் தள்ளி நின்றே பழகியவள். கூடைப்பந்தில் ஒரு மீற்றருக்குள் நெருங்கி மறித்தால்தான், பந்தைக் கொடுக்கவோ எறியவோ தட்டவோ எதிரிக்குள்ள 5 வினாடிக் கணக்கு ஓடும் என்பதைச் சொல்லி மட்டும் விளங்கவைக்க முடியாது. நான் பரிந்துரைப்பது இதுதான்: அரைத்தளத்தில் மூவருக்கு மூவராக விடுங்கள், பந்து வாங்கியவள் ஒரு தடவையாவது தட்டி நகர்ந்த பிறகே கொடுக்கலாம் என்று விதி வையுங்கள், தடுப்பவள் கையை நீட்டினால் பந்து வைத்திருப்பவளின் இடுப்பை எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும் என்று கேளுங்கள். முதலில் பந்து காலில் பட்டு உருண்டோடும், பிள்ளைகள் சிரிப்பார்கள், விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு நீங்களும் பொறுத்திருக்க வேண்டும்.

முழங்காலைப் பற்றிச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டும். குதித்து இறங்கும் விளையாட்டுகளில் முழங்காலின் முன்சிலுவை இணையம் (மூட்டை இறுகப் பிடித்திருக்கும் நார்) கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் நேர்கிறது, அதுவும் பெரும்பாலும் யாரும் மோதாத வேளையிலேயே. பிள்ளை குதித்து இறங்கும்போது முன்னால் நின்று பாருங்கள்: முழங்கால்கள் ஒன்றையொன்று நோக்கி உள்ளே மடிந்தால் அவளை அன்று போட்டியில் இறக்குவதைவிட இறங்கப் பழக்குவதே முக்கியம். இரு கால்களிலும் மெதுவாக, முழங்கால் பாதவிரல்களுக்கு நேராக மடியும்படி இறங்குவதை ஒவ்வொரு நாளும் பயிற்சியின் தொடக்கத்தில் செய்ய வேண்டும். சீமெந்துத் தளத்தில் விளையாடும் நமக்கு இது இன்னும் அவசியம்.

காலநிலைக்கேற்ப ஆண்டுத் திட்டத்தைப் போடுங்கள். ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது திறந்த தளத்தில் தூர எறிகைகளின் கணக்கெடுப்பு எதையும் நம்பாதீர்கள். அப்போது வெயில் தாழ்ந்த பிறகு ஓட்டமும் தடுப்பும் வைத்துக்கொள்ளலாம். மாரி மழையில் நனைந்த தளத்தில் ஓடவிடுவது முழங்காலை விற்பதற்குச் சமம், மண்டபத்தின் ஓரத்தில் பந்து கையாளுதலும் விதி வகுப்பும் போதும்.

உடை காரணமாக ஒரு பிள்ளையும் விலக வேண்டியதில்லை. சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனம் 2017 முதல் தலையை மூடி விளையாட அனுமதிக்கிறது. கைமூடியும் காலுறையும் விதிப்படி அணி முழுவதும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும் என்பதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லி ஒன்றாகத் தைப்பித்துவிடுங்கள். மாதவிடாய் நாட்களைப் பற்றிப் பிள்ளைகள் கூசாமல் சொல்லக்கூடிய ஆசிரியை ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். பயிற்றுவிப்பவர் ஆணாக இருந்தால், ஆசிரியை இல்லாத பயிற்சி நடக்கவே கூடாது. வெளிமாவட்டப் பயணத்துக்கும் இதே விதிதான். ஒவ்வொரு பெற்றோரின் கையொப்பமும் இல்லாமல் பஸ் புறப்படக் கூடாது.

உண்மையான எதிரணி ரியூசன் வகுப்புத்தான். “பிள்ளைக்கு ஏ.எல். முடியட்டும் ரீச்சர், பிறகு பார்ப்பம்” என்று தாய் சொல்லும்போது வாதாட வேண்டாம். வகுப்பு அட்டவணையைக் கேட்டு வாங்கி, வாரத்தில் எந்த இரண்டு மாலைகள் எல்லோருக்கும் பொதுவாக மிஞ்சுகின்றன என்று பார்த்து, அந்த இரண்டையும் சரியான நேரத்துக்குத் தொடங்கி, சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே முடியுங்கள். தவணைப் பரீட்சைப் புள்ளிகளையும் நீங்கள் கேட்டறிகிறீர்கள் என்று தெரிந்தால் தாய்மாரின் குரல் மாறும். சமிட்டின் அணியில் முழுக்காலமும் விளையாடி முடித்த ஒவ்வொருவரும் பட்டம் பெற்றே வெளியேறினார்கள் என்ற செய்தியை நான் பெற்றோர் கூட்டங்களில் வெற்றிகளின் எண்ணிக்கைக்கு முன்பாகவே சொல்லச் சொல்வேன்.

பொறுப்பு உங்களுக்கு வந்தவுடன் கொடுப்பனவு, பயிற்சி நாட்கள், பந்துக்கும் பயணத்துக்கும் யார் செலவழிப்பது ஆகியவற்றை அதிபரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். பணத்தைப் பற்றிப் பேசுவது மரியாதைக் குறைவு என்று தயங்குபவர்களே ஆண்டிறுதியில் மனக்கசப்புடன் விலகுகிறார்கள். வலய, மாகாண மட்டங்களில் அணி முன்னேறினால் மாவட்ட அணித் தெரிவுக்கு உங்களைத் துணையாக அழைக்கும் வாய்ப்பும் வரும், கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்துக்குப் போகும் உங்கள் பழைய மாணவிகள் ஊரிலேயே உங்களுக்குத் துணைப் பயிற்றுவிப்பாளர்களாகவும் ஆகலாம். அவர்களில் ஒருத்தியிடம் முதலில் பதின்மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளை ஒப்படையுங்கள்.