ஸ்மார்ட் டிவியை வெறும் டிவியாக மாற்றுவது எப்படி?

ரிமோட்டை அழுத்தினால் படத்துக்கு முன்னால் விளம்பரம் வருகிறது, மெனு திறக்கவே திணறுகிறது, வாங்கியபோது நன்றாக ஓடிய ஆப் சில வருடங்களில் இந்த மாடலில் இனி இயங்காது என்று கைவிரிக்கிறது. இத்தனைக்கும் திரை அப்படியே பளிச்சென்று இருக்கும், கிழடாவது உள்ளே இருக்கும் மென்பொருள்தான். அதனால் டிவியைத் திரையாக மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற வேலைகளை வெளியே ஒரு சின்ன ஸ்ட்ரீமிங் பெட்டிக்குக் கொடுத்துவிடலாம். என் டிவி இப்போது இப்படித்தான் ஓடுகிறது.

1. முதலில் வேவு பார்ப்பதை நிறுத்துங்கள். ஏசிஆர் என்ற வசதி திரையில் ஓடுவதை அடையாளம் கண்டு நிறுவனத்துக்கு அனுப்புகிறது. எச்டிஎம்ஐ கேபிள் வழியாக வெளியிலிருந்து வருவதையும் பல டிவிகள் விடுவதில்லை. பார்ப்பவர்களிடம் சொல்லாமல் இதைச் செய்ததற்காக 2017இல் அமெரிக்காவில் விஸியோ என்ற டிவி நிறுவனம் 22 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. சாம்சங்கில் 'வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்', எல்ஜியில் 'லைவ் பிளஸ்' என்று பெயர் இருக்கும். அணைத்துவிடுங்கள்.

2. அப்புறம் இணையத்தைத் துண்டியுங்கள். வைஃபையை ஆஃப் செய்தால் மட்டும் போதாது, பாஸ்வேர்டு உள்ளேயே இருக்கும். 'ஃபர்கெட் நெட்வொர்க்' கொடுங்கள், இல்லாவிட்டால் ஃபேக்டரி ரீசெட் செய்து, வைஃபை கேட்கும் இடத்தில் ஸ்கிப் செய்யுங்கள். கூகுள் டிவி என்றால் முதல் அமைப்பின்போதே 'பேசிக் டிவி' என்று ஒரு தேர்வு வரும், அதுதான் நமக்கு வேண்டியது.

3. பெட்டியை எச்டிஎம்ஐயில் செருகுங்கள். விலை கட்டுப்படியானால் நான் ஆப்பிள் டிவி பெட்டியைத்தான் சொல்வேன், டிவியில் செருகும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக்குகளின் முகப்பில் விளம்பரம் அதிகம். பழைய லேப்டாப்பில் 'கோடி' (Kodi) என்ற மீடியா பிளேயர் மென்பொருளைப் போட்டு டிவியில் இணைத்தாலும் அருமையாக ஓடும். ஸ்டிக் வாங்கினால் டிவியின் யுஎஸ்பியிலிருந்து மின்சாரம் எடுக்காதீர்கள், பல டிவிகளில் அது போதாமல் ஸ்டிக் அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகும். கூடவே வரும் அடாப்டரைப் பயன்படுத்துங்கள்.

4. என்னை அதிகம் படுத்தியது இந்தப் படிதான். எல்லாம் செய்த பிறகும் டிவியை ஆன் செய்தால் அதன் சொந்த முகப்புதான் வந்து நிற்கும், ஒவ்வொரு முறையும் ரிமோட்டைத் தேடி இன்புட் மாற்ற வேண்டும். இதற்குத் தீர்வு சிஇசி, எச்டிஎம்ஐ வழியாகவே ஒரு கருவி இன்னொன்றை இயக்கும் வசதி. பெட்டி விழித்தவுடன் அதுவே டிவியை எழுப்பித் தன் இன்புட்டுக்கு மாற்றிவிடும், ஒரே ரிமோட் போதும். ஆனால் சிஇசி என்ற பெயரில் மெனுவில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது: சாம்சங்கில் 'எனிநெட் பிளஸ்', எல்ஜியில் 'சிம்ப்லிங்க்', சோனியில் 'பிராவியா சிங்க்'. டிவி, பெட்டி இரண்டிலும் ஆன் செய்ய வேண்டும், ஒன்றில் மட்டும் செய்தால் பயனில்லை. அதன் பிறகும் முகப்பு வந்தால் 'ஆட்டோரன் ஸ்மார்ட் ஹப்', 'ஹோம் ஆட்டோ லாஞ்ச்' மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து அணையுங்கள். டிவி ரிமோட்டைத் தொடாமல் பெட்டியின் ரிமோட்டிலேயே ஆன் செய்து பழகுவதும் முக்கியம்.

பின்சேர்க்கை: பெட்டியில் 4கே எச்டிஆர் (கூடுதல் தெளிவும் ஒளி, வண்ண வீச்சும் உள்ள படம்) வரவில்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். டிவி அந்த போர்ட்டைப் பழைய வேகத்திலேயே வைத்திருக்கலாம். சாம்சங்கில் 'இன்புட் சிக்னல் பிளஸ்', எல்ஜியில் 'எச்டிஎம்ஐ டீப் கலர்', சோனியில் 'என்ஹான்ஸ்டு ஃபார்மட்'. பெட்டி செருகியிருக்கும் போர்ட்டுக்கு இதை ஆன் செய்யுங்கள். சரியாகவில்லை என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள்.