போர்ச்சுகல் போகுமுன் மும்பையில் முடிக்க வேண்டியவை

மகள் போர்ச்சுகலில் இருக்கிறாள். ஓய்வூதியம் போன்ற நிலையான வருமானம் உள்ளவர்களுக்கு அந்நாடு தரும் டி7 விசாவுக்காக நானும் என் கணவரும் ஆவணங்களைத் திரட்டினோம். அவர் ரயில்வேயில் வேலை பார்த்தவர். மும்பையில் மாதுங்காவிலும் செம்பூரிலும், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் போய்த் தங்க நினைக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. அவர்களுக்கு, குறிப்பாக வீட்டுப் பெண்களுக்கு, இதை எழுதுகிறேன்.

விண்ணப்பப் படிவத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில் பாஸ்போர்ட், ஆதார், பான் அட்டை, பிபிஓ எனப்படும் ஓய்வூதிய ஆணை, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். நம்மவர்களுக்குச் சிக்கல் பெரும்பாலும் இனிஷியலில்தான். அலுவலகப் பதிவில் ‘எஸ். ராமன்’ என்றிருப்பவர் பாஸ்போர்ட்டில் ‘ராமன் சுப்பிரமணியன்’ ஆகியிருப்பார். வெளிநாட்டு அதிகாரியின் கண்ணுக்கு இவர்கள் இரண்டு பேர். திருத்த முடிந்ததைத் திருத்துங்கள். முடியாததற்கு இரு பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரி முன்னிலையில் பிரமாணப் பத்திரம் எழுதி வையுங்கள்.

பிபிஓவில் கணவர் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். குடும்ப ஓய்வூதியத்துக்கு உரிய மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் அதில் இருக்கின்றனவா, அவளுடைய பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். கணவர் காலத்துக்குப் பின் அந்தப் பணத்தைக் கேட்டு, கடல் கடந்த ஊரிலிருந்து தனியாக எழுதப்போகிறவள் அவள்தான். துணைக்கு ஆள் இல்லாத அந்த நாளில் ஓர் எழுத்துப் பிழை அவளை அலைக்கழிக்கக் கூடாது. வங்கிக் கணக்கிலும் வைப்புத்தொகையிலும் நியமனதாரர் (நாமினி) பெயரையும் அப்போதே சரிபார்த்துவிடுங்கள்.

அடுத்தது திருமணச் சான்றிதழ். எங்கள் தலைமுறையில் பலர் கல்யாணத்தைப் பதிவு செய்யவே இல்லை. மும்பையில் நடந்த கல்யாணமானால் நீங்கள் வசிக்கும் வட்டாரத்தின் மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் இப்போதும் பதிவு செய்யலாம். மாதுங்காவுக்கு அது எஃப் வடக்கு வார்டு. கல்யாணப் பத்திரிகை, மணமேடைப் புகைப்படம், மூன்று சாட்சிகள் வேண்டும். அந்தக் கல்யாணத்தைக் கண்ணால் பார்த்த சித்தப்பாவோ அத்தையோ படியேறி வரக்கூடிய நிலையில் இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

சான்றிதழ்கள் கைக்கு வந்ததும் அப்போஸ்டில், அதாவது ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்டும் அரசுச் சான்று. இந்தியா 2005ஆம் ஆண்டு முதல், இந்தச் சான்றை ஏற்கும் நாடுகளின் ஹேக் ஒப்பந்தத்தில் இருக்கிறது; போர்ச்சுகலும் இருக்கிறது. சான்றிதழ் எந்த மாநிலத்தில் வழங்கப்பட்டதோ அந்த மாநில அரசு முதலில் சான்றொப்பம் இட வேண்டும். என் கணவரின் பிறப்புச் சான்றிதழ் கும்பகோணத்தில் வாங்கியது. ஆகவே அது தமிழ்நாட்டு அரசிடம் போனது. மும்பையில் பதிந்த திருமணச் சான்றிதழ் மகாராஷ்டிர அரசிடம் போனது. அதன் பிறகே வெளியுறவு அமைச்சகம் அப்போஸ்டில் ஒட்டும். ஓர் ஆவணத்துக்கு அரசுக் கட்டணம் 50 ரூபாய்தான்; அமைச்சகம் அங்கீகரித்த முகமைகளின் சேவைக் கட்டணம் தனி. பல ஆயிரம் கேட்கும் தரகர்களிடம் ஒவ்வொரு ரூபாய்க்கும் விவரம் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். ஐக்கிய அரபு அமீரகம் அந்த ஒப்பந்தத்தில் இல்லை. அங்கே போகிறவர்கள் அமைச்சகச் சான்றொப்பத்துக்குப் பின் அந்நாட்டுத் தூதரகத்தின் முத்திரையும் வாங்க வேண்டும்.

போர்ச்சுகீசிய மொழிபெயர்ப்பு கேட்கப்பட்டால் அப்போஸ்டில் ஒட்டிய பிறகு செய்யுங்கள். அப்போஸ்டிலில் உள்ள வாசகமும் மொழிபெயர்ப்பில் வர வேண்டும்.

குற்றப் பதிவு எதுவும் இல்லை என்று காட்டும் காவல்துறைத் தடையின்மைச் சான்றிதழைக் கடைசியில் வாங்குங்கள். பாஸ்போர்ட் சேவை வழியாக 500 ரூபாய். பழையதாகிவிட்டால் தூதரகங்கள் ஏற்பதில்லை, ஆகவே மற்றவை முடியாமல் இதைத் தொடுவது வீண்.

போன பிறகும் ஓய்வூதியம் தொடர, உயிருடன் இருப்பதைக் காட்டும் வாழ்நாள் சான்றிதழை ஆண்டுதோறும் நவம்பரில் தர வேண்டும். 80 வயது நிறைந்தவர்கள் அக்டோபரிலேயே தரலாம். இதற்கென்றே உள்ள மத்திய அரசின் ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டியே முடித்துவிடலாம். வெளிநாட்டில் குடியேறியதும் சேமிப்புக் கணக்கை, வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும்; அதற்கான படிவத்தை வங்கியில் இங்கேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இவற்றுக்கெல்லாம் ஓடிபி வரும். ஆதாரிலும் வங்கியிலும் பதிந்த இந்திய கைபேசி எண்ணை ரோமிங் வசதியோடு உயிருடன் வைத்திருங்கள். மனைவிக்கும் தனி எண், அவள் பெயரிலேயே.