பில் வரும் முன்பே எடுத்து வைக்கலாம்: வீட்டுக் கணக்கில் கிறிஸ்தவக் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கரண்ட் பில் மெசேஜ் வந்த இரவில் குடும்ப ஜெபம் கொஞ்சம் நீளும். ஜெபிப்பதில் குறையே இல்லை. ஆனால் கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும், சொத்து வரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும், ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும், டிசம்பரில் கிறிஸ்துமஸ். இவற்றில் எதுவும் சொல்லாமல் வருவதில்லை. “நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்” (மத்தேயு 6:34) என்ற வசனத்தை, நாளைக்காக எடுத்து வைக்காதிருங்கள் என்று வாசித்துவிடுகிறோம். முதல் தவறு அதுதான். மற்றவை பெரும்பாலும் அதற்குப் பின்னால் வருகிறவை.

எருசலேம் விசுவாசிகளுக்கான தர்மப் பணத்தைப் பற்றிக் கொரிந்து சபைக்கு எழுதும்போது, தான் வந்த பிறகு திரட்டிக்கொண்டிருக்க வேண்டாம் என்கிறார் பவுல். வாரத்தின் முதல் நாள்தோறும் அவனவன் “தன்தன் வரவுக்குத் தக்கதாக எதையாகிலும் தன்னிடத்திலே சேர்த்துவைக்கக்கடவன்” (1 கொரிந்தியர் 16:2). ஞாயிறுதோறும் காணிக்கைக் கவர் போடுகிற வீட்டுக்கு இந்தப் பழக்கம் புதிதில்லை. அதையே பில்லுக்கும் கொண்டுவர வேண்டியதுதான்.

ஒரு தாளில் மாதாமாதம் வராத செலவுகளை மட்டும் எழுதுங்கள். உதாரணத்துக்கு ஒரு வீடு: கரண்ட் பில் 1,800 வீதம் 6 முறை 10,800 ரூபாய், சொத்து வரி 1,500 வீதம் 2 முறை 3,000, இன்சூரன்ஸ் 12,000, பள்ளிப் புத்தகம், சீருடை 15,000, கிறிஸ்துமஸ் 12,000. மொத்தம் 52,800. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 4,400. சம்பளம் ஏறிய அன்றே இந்தத் தொகை வேறொரு சேமிப்புக் கணக்குக்குப் போய்விட வேண்டும். அந்தக் கணக்கை போனில் உள்ள யுபிஐ ஆப்போடு இணைக்காதீர்கள். இணைத்தால் பில் பணம் பரோட்டாவாகவும் ஆட்டோவாகவும் கரைந்துவிடும். யாரும் திருடவில்லை, ஆனாலும் இருக்காது. வருஷத்தின் நடுவில் தொடங்குகிறவர்கள் அடுத்து வரும் பெரிய செலவுக்கு எத்தனை மாதம் இருக்கிறதோ அதால் அந்தச் செலவை வகுக்க வேண்டும். முதல் சில மாதம் கை கடிக்கும்.

இப்படி எடுத்து வைத்திருந்தால் ஒரு சின்ன லாபமும் உண்டு. தமிழ்நாட்டு நகர்ப்புறங்களில் சொத்து வரியை ஏப்ரல் 30, அக்டோபர் 31 தேதிகளுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை, ஊக்கத்தொகை கிடைக்கிறது. கையில் பணமில்லாத வீட்டுக்கு இந்தச் சலுகை இருந்தும் இல்லாத மாதிரிதான்.

அடுத்தது மீட்டரைப் பார்க்காமல் இருப்பது. தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்பது ஒரு வரம்பு. அதைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் விலை மாறிவிடும். 2022 செப்டம்பர் கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 510 யூனிட்டுக்கு 2,030. பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! பிறகு விலை கூடியிருக்கிறது. கணக்கின் அமைப்பு மாறவில்லை.

ரீடிங் எடுத்த 45ஆம் நாள் மீட்டர் முன்னால் போய் நில்லுங்கள். அட்டையில் உள்ள பழைய ரீடிங் 14,320, இப்போது மீட்டரில் 14,705 என்றால் 385 யூனிட் ஓடியிருக்கிறது. நாளுக்கு எட்டரை. இதே வேகத்தில் 60ஆம் நாள் 513 ஆகிவிடும். மீதி 15 நாளும் தினம் ஒரு யூனிட் குறைத்தால் 500க்குள் நிற்கும். ஒன்றரை டன் ஏசி ஒரு மணி நேரம் ஓட சுமார் ஒரு யூனிட் ஆகும். அவ்வளவுதான் குறைக்க வேண்டியது. வீடே இருட்டில் உட்கார வேண்டாம்.

கிரெடிட் கார்டில் ‘மினிமம் டியூ’, அதாவது பில்லில் கேட்கும் குறைந்தபட்சத் தொகையை மட்டும், கட்டிவிட்டு நிம்மதியாவது இதைவிடப் பெரிய தவறு. பாக்கி 20,000 ரூபாய், மினிமம் 5 சதவீதம் என்று வைப்போம். 1,000 கட்டுகிறீர்கள். மீதி 19,000க்கு மாதம் 3.5 சதவீத வட்டி 665, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சுமார் 120. கட்டிய ஆயிரத்தில் கடன் குறைந்தது 215 ரூபாய்! போதாக்குறைக்கு, பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். “கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை” (நீதிமொழிகள் 22:7) என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கவுரை கிடைக்காது. முழுதாகக் கட்ட முடியாத மாதத்தில் கார்டை பீரோவில் பூட்டிவிட்டு, மினிமத்துக்கு மேல் முடிந்ததைக் கட்டுங்கள். சம்பளம் 1ஆம் தேதி, கடைசித் தேதி 28 என்று இருந்தால் பில்லிங் தேதியை மாற்றித் தரும்படி வங்கியிடம் கேட்கலாம். ஒருமுறையாவது மாற்றித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி.

சபைகளில் வெளிப்படையாகப் பேசப்படாத ஒன்றும் உண்டு. கன்வென்ஷன் மேடையில் உற்சாகத்தில் பொருத்தனை எழுதிக் கொடுத்துவிட்டு, பால்காரருக்கும் வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்கும் “அடுத்த வாரம் தர்றேன்” என்பது. கொர்பான், அதாவது ‘இது தேவனுக்குக் காணிக்கை’, என்று சொல்லிப் பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டவர்களை இயேசு கடிந்துகொண்டார் (மாற்கு 7:11). கையில் பொருள் இருக்கும்போதே அயலானிடம் “நாளைக்குத் தருவேன்” என்று சொல்லாதே என்கிறது நீதிமொழிகள் 3:28. தசமபாகத்தை நிறுத்தச் சொல்லவில்லை. அதை மாதக் கணக்கின் முதல் வரியிலேயே எழுதுங்கள். அதற்கு அடுத்த வரி கூலி, பால், மளிகை பாக்கி. பெரிய நிறுவனத்துக்கு ஒரு வாரம் தாமதித்தால் அபராதம் நம்மோடு முடியும். வேலைக்கு வருகிறவருக்குத் தாமதித்தால் அவர் வீட்டு அடுப்பு எரியாது.

கடன் ஏற்கெனவே கழுத்துவரை வந்துவிட்ட வீடு, 2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்து விதவையின் வழியில் போகலாம். தீர்க்கதரிசி எலிசா முதலில் கேட்டது வீட்டில் என்ன இருக்கிறது என்று. அவளிடம் இருந்தது ஒரு குடம் எண்ணெய்தான், அது பாத்திரங்கள் நிறையப் பெருகியது. கடைசியில் சொன்னது எண்ணெயை விற்று, கடனைத் தீர்த்து, மீந்ததில் ஜீவனம்பண்ணு என்று. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் செலவு, மீந்தால் கடன் என்று போனால் மீதி இருந்ததாகச் சரித்திரமே இல்லை. கணவனும் மனைவியும் மாதத்தின் முதல் சனிக்கிழமை அரை மணி நேரம் நோட்டோடு உட்காருங்கள். ராத்திரி பத்து மணிக்கு வேண்டாம். அந்த நேரத்தில் கணக்கு சண்டையாகத்தான் முடியும்.

பதற்றத்தையே முதலீடாக வைத்துப் பிழைக்கிறவர்களும் இருக்கிறார்கள். “இன்று இரவு மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணை அழையுங்கள்” என்று வரும் மெசேஜில் உள்ள எண்ணைத் தொடவே வேண்டாம். மின்வாரியத்தின் இணையதளத்திலோ ஆப்பிலோ உங்கள் இணைப்பு எண்ணைப் போட்டுப் பாருங்கள். பில் போட்ட நாளிலிருந்து கட்டுவதற்கு 20 நாள் அவகாசம் உண்டு. ஏமாந்து பணம் போய்விட்டதென்றால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் செய்யுங்கள். நேரம் ஆக ஆக, பணத்தை வழியில் நிறுத்துவது கடினம்.