சாலைக்கு எளிய சைக்கிளே சுகம்

தார்ச்சாலையில் மட்டுமே ஓட்டுபவரா நீங்கள்? மலைச் சைக்கிளுக்கு ஆசைப்படும் முன் சற்று யோசியுங்கள். முன்சக்கரத்தைப் பிடித்து அதிர்வு தாங்கும் அதன் முன்கவையைப் (ஃபோர்க்) பெரும்பாலும் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் மாற்ற வேண்டும். திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்கில் காற்று புகுந்தால் அது தனி வேலை. முரட்டு டயரோ கால் உழைப்பைத் தின்றுவிடும்.

கியர் இல்லாத எளிய சைக்கிளில் இந்தத் தொல்லைகள் இல்லை. அந்த நிம்மதிக்காகவே எனக்கு அதன்மேல் அத்தனை பிரியம். டயரில் காற்றும் பிரேக்கும் சரியாக இருந்தால், பிறகு சங்கிலிதான். துடைத்து எண்ணெய் விட்டு, மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள்; இல்லையென்றால் மண் ஒட்டும். அவ்வப்போது அளவுகோலும் வையுங்கள். புதுச் சங்கிலியில் கண்ணிகளை இணைக்கும் ஓர் ஆணியிலிருந்து அடுத்த 24ஆவது ஆணி சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். அது 1/16 அங்குலம் தள்ளிப்போயிருந்தால் சங்கிலியை உடனே மாற்றுங்கள். தாமதித்தால் பற்சக்கரமும் தேய்ந்துவிடும்.