நீரிழிவு உள்ளவர்கள் தைரொயிட்டைக் கவனிப்பது எப்படி?

நுவரெலியாக் குளிரில் கொழுந்து பறித்துத் திரும்பும் ஒருவர், தம் சோர்வையும் உடல் நடுக்கத்தையும் பனியின் மேலும் சீனி வருத்தத்தின் மேலும் போட்டுவிடுவது இயல்பே. ஆனால் எடை கூடி, மலச்சிக்கலும் சேர்ந்திருந்தால், கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி குறைவாகச் சுரப்பதும் காரணமாக இருக்கலாம்; அடுத்த கிளினிக்கில் அதைக் கண்டறியும் டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனை வேண்டுமா என வைத்தியரிடம் கேளுங்கள். முதலாம் வகை நீரிழிவு உள்ளவர்கள் அறிகுறி இல்லாவிட்டாலும் 1 அல்லது 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதிப்பது நல்லது.

தைரொயிட் குறைபாட்டுக்கு வைத்தியர் தரும் தைரொக்சின் குளிசையை விடியற்காலையில் வெறும் வயிற்றில், தண்ணீருடன் மட்டும் விழுங்குங்கள். பிரட்டுக்களத்துக்கு (தோட்டத்தில் காலையில் வேலை பிரிக்கும் இடம்) ஓடும் அவசரத்திலும், தேநீருக்கும் உணவுக்கும் முன் 30 முதல் 60 நிமிடங்கள் பொறுங்கள். இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளுக்கு 4 மணிநேர இடைவெளி தேவை. சிகிச்சை தொடங்கியபின் இன்சுலின் தேவை மாறக்கூடுமென்பதால், அந்த வாரங்களில் சீனியை அடிக்கடி அளந்து, அளவுகளை வைத்தியரிடம் காட்டுங்கள்.