பக்கவாட்டு மூங்கில் குழலை விசில் போல ஊத வைப்பது எப்படி?

யாங்கோனில் திருவிழாக் கடையில் வாங்கிய மூங்கில் குழலைப் பிள்ளைகள் ஊதினால் பெரும்பாலும் காற்றுதான் வரும். குழல் கெட்டுப்போகவில்லை. பக்கத் துளையில் காற்றைச் சரியான கோணத்தில் விட உதடு பழக வேண்டும். பர்மிய மூங்கில் குழலான பலுவேயில் இந்தத் தொல்லை இல்லை. நுனியை வாயில் வைத்து ஊதினால், காற்று ஒரு மெல்லிய இடுக்கு வழியாக நேரே கூர்விளிம்பில் போய் மோதும். அந்த இடுக்கை நம் குழலிலும் உண்டாக்கலாம்.

விரல் துளைகளுக்கு அருகே புதிதாக ஓர் ஊதுதுளை போடாதீர்கள். குழலின் நீளம் குறைந்து, மேல் துளைகளின் சுருதி கீழ்த் துளைகளைவிட அதிகமாக ஏறிவிடும். பழைய ஊதுதுளையையே பயன்படுத்துங்கள்.

கீழே உள்ள அளவுகள் வெளிவிட்டம் 20 மி.மீ., உள்விட்டம் 15 மி.மீ., ஊதுதுளை 10 மி.மீ. உள்ள குழலுக்கு. தட்டை அரம், சிறு ரம்பம், உப்புத்தாள், எபாக்ஸி மக்கு, 1 மி.மீ. கனமுள்ள பிளாஸ்டிக் மூடி, பருத்தி நூல் போதும்.

1. ஊதுதுளைக்கு மேலே 30 மி.மீ. விட்டுத் தலைப்பகுதியை அறுங்கள். உள்ளே அடைத்திருக்கும் கணுவோ தக்கையோ அப்படியே இருக்கட்டும். அது போய்விட்டால் ஒலியே வராது.

2. துளையின் தலைப்பக்கப் பாதியை மக்கு வைத்து அடைத்து, ஒரு நாள் காயவிடுங்கள். தேன்மெழுகு வேண்டாம், ஏப்ரல் வெயிலில் இளகிவிடும். இப்போது 5 மி.மீ. திறப்பு மிஞ்சும்.

3. தலை நுனியிலிருந்து அந்தத் திறப்பு வரை மேல்பரப்பை 9 மி.மீ. அகலத்துக்குத் தட்டையாக அராவுங்கள். பள்ளம் தோண்ட வேண்டியதில்லை. வளைந்த மூங்கிலில் இவ்வளவு தட்டையாக்கினாலே நடுவில் 1 மி.மீ. ஆழம் கிடைத்துவிடும்.

4. திறப்பின் எதிர்விளிம்பை நேர்கோடாக்குங்கள். அதற்கு அப்பால் 12 மி.மீ. தொலைவிலிருந்து சரிவாக அராவி வந்து, விளிம்பு பழைய மேல்பரப்பைவிட அரை மி.மீ. தாழ்ந்து நிற்கும்படி விடுங்கள். அவசரப்பட வேண்டாம், ஒலியின் தரம் முழுக்க இந்த விளிம்பில்தான் இருக்கிறது. பிசிறை உப்புத்தாளால் நீக்குங்கள்.

5. பிளாஸ்டிக்கை 30 மி.மீ. அகலப் பட்டையாக வெட்டி, வெந்நீரில் இளக்கி, குழலின் அராவாத பகுதியில் சுற்றி வளைவு கொடுங்கள். ஆறியதும் தலையில் பொருத்துங்கள். அதன் ஓரம் மக்கின் ஓரத்தோடு சமமாக இருக்க வேண்டும். இடுக்கில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றைச் செருகி, நூலால் இறுகக் கட்டியபின் உருவிவிடுங்கள். துண்டு இல்லாமல் கட்டினால் பட்டை அமுங்கி இடுக்கு மூடிக்கொள்ளும்.

வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து நுனி வழியாகப் பாருங்கள். இடுக்கின் நடுவே விளிம்பு ஒரு கோடாகத் தெரிய வேண்டும். மேலே தெரிந்தால் இன்னும் அராவுங்கள். கீழே போய்விட்டால் விளிம்பின் மேல் மக்கை மெல்லப் பூசி மறுபடி அராவுங்கள்.

மெதுவாக ஊதினாலே கீச்சென்று மேல் ஸ்தாயிக்குத் தாவுகிறதா? திறப்பு போதவில்லை, பட்டையையும் மக்கையும் அரை மி.மீ. பின்னால் தள்ளி வெட்டுங்கள். மூச்சு வாங்கும் அளவு ஊதியும் மந்தமாக இருந்தால் திறப்பு அதிகம். கொஞ்ச நேரம் வாசித்ததும் ஒலி அடைத்தால் இடுக்கில் ஈரம் தங்கியிருக்கிறது. பாத்திரம் கழுவும் சோப்பு நீரை ஒரு துளி உள்ளே விட்டு உலரவைத்தால் நீர் முத்தாகத் திரளாமல் வழிந்துவிடும்.

வெயில் காலத்தில் மூங்கில் வெடிக்கும். விரல் துளைகளுக்கு இடையிலும் இரண்டு மூன்று இடங்களில் நூல் சுற்றி வையுங்கள்.